பழ ஸ்கோன் சரியாக வரவில்லையா? குறையைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அலைச்சல் மிகுந்த ஒரு வாரத்தின் முடிவில் வீட்டில் ஏதாவது சுட்டெடுக்கலாம் என்று தோன்றினால், இங்கிலாந்தில் ஸ்கோன் என்னும் மென்மையான சிறு வட்ட ரொட்டியைவிட எளிதானது அதிகமில்லை. ஈஸ்ட் பொங்கக் காத்திருக்க வேண்டாம். கேக்குக்குச் செய்வதுபோல வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்க வேண்டாம். மாவு டப்பாவைத் திறந்த நாற்பது நிமிடத்தில் தேநீருடன் தட்டுக்கு வந்துவிடும். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதும், மகனின் தேர்வும், வெந்நீர் பாய்லர் நின்றுபோனதும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லண்டனின் வடமேற்கில் உள்ள எங்கள் சமையலறையில் நானும் அந்த நம்பிக்கையில்தான் மாவை அளந்தேன். வந்தவை ஏழு. இரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, ஒன்றின் மேலிருந்த திராட்சை கரித்துண்டாகியிருந்தது, ஏழையும் விரலால் அழுத்தினால் ரப்பர் பந்து போல மீண்டு எழுந்தன.

ஸ்கோனில் சேரும் பொருள்கள் ஆறோ ஏழோதான். ஆகவே எந்தக் கட்டத்தில் கை தவறியது என்பதைப் பெரும்பாலும் வெந்த ஸ்கோனைப் பார்த்தே சொல்லிவிட முடியும். களைத்துப் போன நாளில் நேரும் தவறுகளுக்கு ஒரு பொதுத்தன்மையும் உண்டு: செய்முறை நினைவில் இருந்தாலும் கை தன் பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது. தினமும் சப்பாத்திக்குப் பிசையும் கைக்கு இது இன்னும் பொருந்தும். கீழே உள்ள குறைகளில் உங்களுடையதைத் தேடி, அதற்குரிய திருத்தத்தை மட்டும் அடுத்த முறை செய்து பாருங்கள். ஒரே தடவையில் நான்கைந்தை மாற்றினால், சரியாக வந்தாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

செல்ஃப் ரெய்சிங் மாவு 225 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், பொடியான சர்க்கரை 25 கிராம், உலர்திராட்சை 50 முதல் 60 கிராம், பால் 150 மில்லி லிட்டர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் அந்தச் சிட்டிகையும் வேண்டாம். செல்ஃப் ரெய்சிங் மாவு கிடைக்காத ஊரில் 225 கிராம் மைதாவுடன் மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடரைத் தலைதட்டி அளந்து சேர்த்து, இரண்டு முறை சலித்துக்கொள்ளலாம். மாவில் வெண்ணெயைப் பிசிறி, சர்க்கரையும் திராட்சையும் கலந்து, பாலை ஊற்றிக் கூட்டி, இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, ஐந்து சென்டிமீட்டர் வட்ட அச்சால் வெட்டி, முன்பே 220 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் ஏழெட்டு ஸ்கோன் கிடைக்கும். விசிறி உள்ள ஓவனில் 200 டிகிரி போதும்.

சரியாக வந்த ஸ்கோன் வெட்டி வைத்த உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். மேற்புறம் பொன்னிறமாகவும், பக்கங்கள் வெளிறியும் இருக்கும். இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல நடு உயரத்தில் ஒரு வெடிப்பு சுற்றி ஓடும். அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் திருகினால் கத்தி இல்லாமலே இரண்டாகப் பிரியும். பிரிந்த முகம் சொரசொரப்பாகவும் மென்மையாகவும் இருந்து ஆவி விட வேண்டும்.

உயரவே இல்லை, வறட்டி போலத் தட்டையாக இருக்கிறது

முதலில் மாவைச் சந்தேகியுங்கள். செல்ஃப் ரெய்சிங் மாவு என்பது சமையல் சோடாவும் ஓர் அமிலப் பொடியும் முன்கூட்டியே கலந்த மைதா. பிரிஸ்டல் நகரத்து ரொட்டிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் 1845-இல் காப்புரிமை பெற்றது. அது பழகுவதற்கு முன் ஸ்காட்லாந்தில் ஸ்கோன் என்றாலே ஓட்ஸ் அல்லது பார்லி மாவைத் தட்டி இரும்புக் கல்லில் சுட்ட தட்டையான அடைதான். இன்று நாம் எதிர்பார்க்கும் உயரம் அந்த இரண்டு பொடிகளும் சேர்ந்து விடும் வாயுவால் வருவது. பொட்டலத்துக்குள் ஈரம் புகுந்தால் அவை உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக வினைபுரிந்து தீர்ந்துவிடும். கேக் செய்த மிச்சமாக ஒரு வருடம் அலமாரியில் இருந்த மாவு பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், ஓவனில்தான் தன் வயதைக் காட்டும்.

பேக்கிங் பவுடரைச் சோதிப்பது எளிது. அரைத் தேக்கரண்டியைக் கொஞ்சம் கொதிநீரில் போட்டால் உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக இரண்டு குமிழி விட்டு அடங்கினால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். சமையல் சோடாவுக்குக் கொதிநீர்ச் சோதனை சரியாகாது, அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும்.

மாவு நன்றாக இருந்தும் உயரவில்லை என்றால் கனத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை வீட்டு ஸ்கோன் தட்டையாவதற்கு இதுதான் அதிகம் நேரும் காரணம். பூரிக்கும் சப்பாத்திக்கும் தேய்த்த கண்ணுக்கு ஒன்றரை சென்டிமீட்டரே பெரும் கனமாகத் தெரிகிறது. குழவி வேண்டாம், உள்ளங்கையால் மெதுவாகத் தட்டி, ஓர் அளவுகோலை மாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் எட்டவில்லை என்றால் மாவை ஒரு முறை மடித்து மீண்டும் தட்டுங்கள்.

மூன்றாவது காரணம் தாமதம். பால் பட்ட நொடியிலேயே வாயு கிளம்பத் தொடங்கும். இன்றைய பேக்கிங் பவுடர்களில் பல ஈரத்தில் ஒரு பங்கும் சூட்டில் ஒரு பங்கும் வாயு விடுவதால் பத்து நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். சோடாவும் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற அமிலப் பொடியும் வீட்டில் கலந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மாவைக் கூட்டிய பிறகு தொலைபேசி அடித்தால் எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் நான் எடுத்தேன். பாய்லர் பழுது பார்ப்பவரின் அழைப்பு அது, இருபது நிமிடம் ஓடியது.

உயர்ந்தது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது

அச்சைத் திருகியிருக்கிறீர்கள். அச்சை மாவில் அழுத்தியதும் வலது, இடது என்று ஒரு திருகு திருகி எடுப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். திருகும்போது வெட்டிய விளிம்பில் மாவின் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பக்கம் எழாது, ஒட்டாத பக்கம் எழும். அச்சின் விளிம்பை ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் மாவில் தொட்டு, நேராகக் கீழே அழுத்தி, நேராக மேலே தூக்குங்கள். வெளியே வர மறுத்தால் தட்டின் மேல் வைத்து அச்சை லேசாக உதறுங்கள். அச்சு இல்லாமல் டம்ளரால் வெட்டுபவர்களுக்குச் சாய்வு தவிர்க்க முடியாதது, ஏனென்றால் டம்ளரின் மழுங்கிய விளிம்பு வெட்டுவதில்லை, நசுக்குகிறது. அதைவிட மாவைச் சதுரமாகத் தட்டிக் கூரான கத்தியால் துண்டு போடுவது மேல். துணுக்கு மாவும் மிஞ்சாது.

முட்டை பூசுவதிலும் இதே குறை வரும். மினுமினுப்புக்காக மேலே தடவும் முட்டையோ பாலோ பக்கத்தில் வழிந்தால், சூட்டில் முதலில் அது இறுகி, அந்த இடத்தை மட்டும் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். தூரிகையை நன்றாக வடித்துவிட்டு, விளிம்புக்கு நூலளவு உள்ளேயே நிறுத்துங்கள். வெட்டிய துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பித் தட்டில் வைத்தால் மேற்புறம் சமமாக வரும். விரற்கடை இடைவெளியில் நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று அண்டக்கொடுத்து நேராக எழும்.

அழுத்தினால் ரப்பர் போல மீள்கிறது, கடித்தால் ஜவ்வாக இழுக்கிறது

என் ஏழு ஸ்கோனுக்கும் இருந்த நோய் இது. காரணம் ஒன்றே: அதிகமாகப் பிசைந்தது.

மைதாவின் புரதம் ஈரம் பட்டு, பிசைய பிசைய ஒன்றோடொன்று கோத்து, இழுத்தால் நீளும் ஒரு வலையாக மாறுகிறது. குளூட்டன் என்பது அதுதான். சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் அந்த வலைதான் உயிர். அதற்காகத்தான் அரை மணி நேரம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஊற வைக்கிறோம். ஸ்கோனுக்கு அதே வலை எமன். வெண்ணெயை மாவில் முதலிலேயே பிசிறுவதன் நோக்கமே, மாவுத் துகளைக் கொழுப்பு சூழ்ந்துகொண்டு, பின்னால் வரும் பால் புரதத்தை முழுதாக எட்டாதபடி தடுப்பதுதான். இந்தத் தடுப்பை எழுப்பிவிட்டுப் பிறகு ஐந்து நிமிடம் பிசைந்தால், நாமே கட்டியதை நாமே இடித்ததாகும்.

அன்று மாவைக் கூட்டும்போது மேசைக்கு எதிரே, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர், சமையலறையில் கை சும்மா இருப்பதைத் தாங்க மாட்டார். நான் மாவை மடித்து மடித்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளித் தள்ளி அழுத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “புட்டுக்குப் பிசிறுத மாதிரி பிசிறு மக்களே, எதுக்கு இந்த அடி அடிக்க?” என்றார். “இது புட்டு இல்ல அத்தை, ஓவன்ல வைக்கிறது” என்று சொல்லிவிட்டு நான் தொடர்ந்து அடித்தேன். ஸ்கோன் என்ற பெயரை அதற்கு முன் கேட்டிராத அவர் சொன்னதுதான் சரி என்பது ஓவனைத் திறந்தபோது தெரிந்தது.

அடுத்த வாரம் அவர் சொன்னபடியே செய்தேன். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, இரண்டு கையின் விரல்நுனியாலும் அள்ளி, கட்டைவிரலால் மற்ற விரல்களின் மேல் தேய்த்தபடி உயரத்திலிருந்து உதிர விட வேண்டும். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். புட்டு மாவின் பக்குவம் பார்ப்பதுபோலவே இதையும் பார்க்கலாம்: ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். அங்கங்கே துவரம் பருப்பளவு வெண்ணெய் தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அந்தத் துணுக்குகள் ஓவனில் உருகி ஆவியாகும்போது மாவைத் தூக்கிக் கொடுக்கும்.

பாலை நடுவில் குழி செய்து ஒரே தடவையில் ஊற்றி, மேசைக் கத்தியின் முதுகால் வெட்டி வெட்டிக் கலக்குங்கள். கரண்டியைவிடக் கத்தி நல்லது, அது கூட்டும், பிசையாது. பாத்திரத்தின் ஓரத்தில் உலர்ந்த மாவு மறைந்ததும் நிறுத்துங்கள். மேசையில் மாவு தூவிக் கவிழ்த்து, மூன்று அல்லது நான்கு முறை மடித்து அமர்த்தினால் போதும். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, இன்னும் கொஞ்சம் பிசைந்திருக்கலாமே என்று மனம் அரிக்கும்படி இருக்கும். அதுதான் பதம். வழவழவென்று கன்னம் போல ஆனபிறகு திரும்பி வர வழியில்லை.

வெட்டிய பின் மிஞ்சும் துணுக்குகளைச் சேர்த்து வெட்டும் இரண்டாவது ஈடு எப்போதும் சற்று இறுக்கமாகத்தான் வரும். அவற்றை உருட்டிப் பிசையாமல், ஜிக்சா துண்டுகளைப் போலப் பக்கம் பக்கமாக அடுக்கி ஒட்டி வெட்டுங்கள். அந்த இரண்டை வீட்டுக்காரர்கள் உண்ணட்டும்; விருந்தாளிக்கு முதல் ஈடு.

பிசைந்தது குறைவுதான், ஆனாலும் ஜவ்வாக இருக்கிறது என்றால் மாவே வேறாக இருக்கலாம். ரொட்டிக்கென்று விற்கும் ஸ்ட்ராங் மாவில் புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கும், ஸ்கோனுக்கு ஒன்பது பத்து போதும். சப்பாத்தி ஆட்டாவும் உதவாது, பாலையும் குடித்துவிடும். இரண்டு டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கும் வீட்டில் மூடியின் மேல் பெயர் எழுதி ஒட்டுவது நல்லது.

பரந்து பிஸ்கட் போல ஆகிவிட்டது

வெண்ணெய் மாவில் இருக்கும்போதே இளகியிருந்தால், ஓவனில் மாவு இறுகுவதற்கு முன் அது உருகி ஓடிவிடும், ஸ்கோன் அதன் பின்னால் பரவும். சமையலறை வெக்கையாக இருந்தால் வெண்ணெயைத் துண்டு போட்டு கால் மணி நேரம் ஃபிரீசரில் வையுங்கள், அல்லது கட்டியாகவே தேங்காய்த் துருவலியில் பெரிய துளைப் பக்கமாகத் துருவி மாவில் சேருங்கள். சென்னை வெயிலில் செய்பவர்கள் மாவையும் பாத்திரத்தையும்கூட ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். பால் கூடிவிட்டாலும் பரவும். 150 மில்லியில் இரண்டு மேசைக்கரண்டியை முதலில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஓரத்தில் உலர்மாவு மிஞ்சினால் மட்டும் அதைச் சேருங்கள்.

உதிர்கிறது, தொண்டையை அடைக்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. கையில் ஒட்டுகிறதே என்று பயந்து உலர்மாவைத் தூவிக்கொண்டே போனதால் வந்தது. ஸ்கோன் மாவு சப்பாத்தி மாவைவிடக் கட்டாயம் ஈரமாக இருக்க வேண்டும். விரலில் லேசாக ஒட்ட வேண்டும், ஆனால் அப்பிக்கொள்ளக் கூடாது. மாவைக் கோப்பையால் அளப்பவர்களுக்கு இந்தக் குறை அடிக்கடி வரும், ஏனென்றால் அமுக்கி அள்ளிய ஒரு கோப்பைக்கும் உதிர்த்து அள்ளிய ஒரு கோப்பைக்கும் எடையில் பெரிய வேறுபாடு உண்டு. தராசு வாங்குங்கள்.

மேலே கருகிவிட்டது, நடுவில் பச்சை மாவு

ஸ்கோனுக்குத் தொடக்கத்திலேயே பலமான சூடு வேண்டும். வாயுவும் ஆவியும் வேகமாக எழும்பி மாவைத் தூக்கும் அந்த முதல் ஐந்தாறு நிமிடத்துக்குள்தான் உயரம் தீர்மானமாகிறது. அதற்காக ஓவனை 220-க்கு மேல் ஏற்றிவிட்டால், மேல்தோல் கறுத்து உள்ளே மாவு நிற்கும். முன்சூடும் பொய் சொல்லும்: பல வீட்டு ஓவன்களில் விளக்கு அணையும்போது உள்காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் பொறுத்து வையுங்கள். நடுத்தட்டுக்கு ஒரு படி மேலே வைப்பது வழக்கமான ஓவனில் சரி. மேற்கம்பி மிக அருகில் இருக்கும் சிறிய ஓவனில் நடுத்தட்டுதான் சரி. இத்தகைய ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல டிகிரி வேறுபடுவது சாதாரணம், உள்ளே தொங்கவிடும் ஒரு வெப்பமானி அந்தச் சந்தேகத்தை ஒரே நாளில் தீர்த்துவிடும். வெந்ததா என்று பார்க்கப் பத்து நிமிடத்துக்கு முன் கதவைத் திறக்காதீர்கள்.

நடு மட்டும் ஈரமாக இருந்து மற்றவை சரி என்றால், ஒருவேளை வெந்துதான் இருக்கும், நீங்கள்தான் ஆவி அடங்குமுன் பிரித்துவிட்டீர்கள். ஐந்து நிமிடம் கம்பி வலைமேல் ஆறவிடுங்கள்.

பழத்தில் வரும் குறைகள்

மேற்பரப்பில் துருத்தி நிற்கும் திராட்சையின் சர்க்கரை ஓவனின் சூட்டில் கருகிக் கசந்துவிடும். வெட்டிய பின் ஒவ்வொன்றின் தலையையும் பார்த்து, வெளியே தெரியும் பழத்தைப் பிடுங்கி அடியில் சொருகுங்கள். அரை நிமிட வேலை. பழம் கல் போல இறுகி, அதைச் சுற்றியிருக்கும் மாவும் உலர்ந்திருந்தால், வறண்ட பழம் மாவின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று பொருள். பால் சேர்க்காத சூடான தேநீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, வடித்து, துணியால் ஒற்றிச் சேருங்கள். துணியால் ஒற்றுவதை விட்டுவிட்டால் அந்த ஈரம் மாவைக் குழைத்துவிடும். பாயசத்துக்குப் போல நெய்யில் வறுத்துச் சேர்த்தால் மணக்குமே என்று ஒருமுறை செய்து பார்த்தேன். ஏற்கெனவே உப்பிய பழம் ஓவனில் இன்னும் வெந்து கசந்தது, நெய்தான் வீண்.

இங்கிலாந்தில் வழக்கமாகச் சேர்ப்பது சுல்தானா, அதாவது விதையில்லாத வெளிர்நிற உலர்திராட்சை. நம் கடைகளில் கிஸ்மிஸ் என்று கிடைப்பது ஏறக்குறைய அதுவே. கரன்ட் என்று விற்கும் கறுத்த சிறு திராட்சை கிரேக்கத்துக் கொரிந்த் நகரத்தால் பெயர் பெற்றது. மிளகைவிடச் சற்றே பெரிது, சிறிய ஸ்கோனுக்கு மிகப் பொருத்தம். எதுவானாலும் 225 கிராம் மாவுக்கு 75 கிராமைத் தாண்டினால் அச்சு பழத்தில் இடித்து விளிம்பு கிழியும், சாய்வும் வரும். பழத்தைப் பாலுக்கு முன்பே உலர்மாவில் கலந்துவிட வேண்டும். மறந்துபோய்ப் பிறகு சேர்த்தால், அதைப் பரப்புவதற்காகவே நாலு பிசை கூடிவிடும். அதற்கு இந்த ஈடு பழமில்லாத ஸ்கோனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சோப்பு வாடை, மேலே பழுப்புப் புள்ளிகள்

சமையல் சோடா தன்னை ஈடுகட்டும் அமிலம் இல்லாமல் சூடேறினால் சோடியம் கார்பனேட்டாக மாறும். சோப்பைத் தொட்ட நாக்கின் உணர்வும், உள்ளே மஞ்சள் படர்வதும் அதனால். செல்ஃப் ரெய்சிங் மாவுடன் “நன்றாக எழட்டும்” என்று மேலும் சோடா சேர்ப்பவர்களுக்கு இது உறுதி. பாலுக்குப் பதில் புளித்த மோர் ஊற்றினால் மட்டும் கால் தேக்கரண்டி சோடா சேர்க்கலாம், மோரின் புளிப்பு அதைச் சரிக்கட்டிவிடும். புள்ளிகள் மட்டும் இருந்து வாடை இல்லையென்றால் பேக்கிங் பவுடர் சலிக்கப்படாமல் கட்டியாக நின்றிருக்கும், அல்லது கரடுமுரடான சர்க்கரை கரையாமல் மேலே நின்று பழுத்திருக்கும். சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுச் சேருங்கள்.

கிரீம் உருகி வழிகிறது

ஸ்கோனைப் பிளந்து ஜாமும் கிளாட்டட் கிரீமும் தடவி உண்பது வழக்கம்; கிரீம் வழிவது சூடு ஆறுமுன் பூசியதால். இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் பகுதியில் கிரீமை முதலில் தடவி ஜாமை மேலே வைப்பார்கள், பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம் முதலில். இதற்காக அங்கே உண்மையாகவே சண்டை நடக்கும். கிளாட்டட் கிரீம் நம்மூர்ப் பாலேட்டின் பணக்காரச் சொந்தம். கார்ன்வால் பெயரில் விற்கப்படுவதில் கொழுப்பு குறைந்தது 55 சதவீதம் இருக்க வேண்டும். சற்றே சூடான ஸ்கோனுக்குக் கார்ன்வால் வழியே பாதுகாப்பு என்பது என் கட்சி, நடுவில் ஜாம் இருப்பதால் கிரீம் நேராகச் சூட்டில் படாது.

மறுநாள் கல்லாகிவிட்டது

ஸ்கோன் சுட்ட அன்றைக்கே உண்ண வேண்டியது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பெரிய தவறு, ஏனென்றால் வெந்த மாவின் ஸ்டார்ச் மீண்டும் இறுகுவது அந்தக் குளிரில்தான் விரைவாக நடக்கும். மூடிய டப்பாவில் வெளியே வைத்து, மறுநாள் 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கினால் பாதி உயிர் திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் வெளியே எடுக்கும்போது பஞ்சு, மேசைக்கு வருவதற்குள் செருப்பு.

இதற்கு நான் கண்ட வழி, வெட்டிய பச்சைத் துண்டுகளில் பாதியைச் சுடாமல் வைத்துக்கொள்வது. தட்டில் ஒட்டாமல் அடுக்கி ஃபிரீசரில் உறைய வைத்து, கல்லானதும் ஒரு பையில் மாற்றிக் கட்டிவிடலாம். சுடும்போது உருக விடாமல் அப்படியே எடுத்து, 200 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். முந்திய சூட்டையே கொடுத்தால் மேல் கறுத்து நடு உறைந்தே நிற்கும். உடனே வினைபுரியும் சோடாவும் கிரீம் ஆஃப் டார்ட்டரும் கலந்த மாவு இதற்கு ஆகாது, கடையில் வாங்கும் பேக்கிங் பவுடரோ செல்ஃப் ரெய்சிங் மாவோ வேண்டும். பையின் மேல் தேதியும் “200, 20 நிமிடம்” என்பதும் எழுதி வையுங்கள். கட்டுப் பிரித்த கையோடு அத்தை அந்தப் பையைத் தானே எடுத்துச் சுட்ட மாலையில், நான் வேலையிலிருந்து திரும்பியபோது நான்கு ஸ்கோன் நேராக நின்றன, அவற்றில் ஒன்றின் தலையில் மட்டும் ஒரு திராட்சை கருகியிருந்தது.